வாளைக்கு வந்த மாப்பிள்ளை

வா கண்ணு, வா. நீ காருல இருந்து எறக்கி வச்ச சாமானைப் பாத்துட்டு, எம்பட பேத்திக்குச் சீரு வந்திருச்சோன்னு ஒரு நிமிசம் சந்தோசப்பட்டுட்டேன். ராடு நாலு, பெட்டி மூணு, மடக்கு நாற்காலி, நெத்தியில கட்டற லைட்டு, கறுப்புக் கண்ணாடி. வாளை பிடிக்கத்தானே வந்திருக்கே? இல்ல, மேட்டூர் அணையைக் கழட்டி எடுத்துட்டுப் போற ரோசனையா? 1934-ல முடிச்ச கட்டடம் அது, நாலு ராடுக்கெல்லாம் அசையாது.

சரி, உக்காரு. நெரிஞ்சிப்பேட்டைக் கதவணைக்கு இக்கட்டாலயும் அக்கட்டாலயும் அம்பது வருசத்துக்கு மேல தூண்டில் போட்டவன் நானு. அதுல பாதி நாளு சும்மா உக்காந்துட்டு வந்தேன்னு எம் பொண்டாட்டி சொல்லுவா. மீதிப் பாதி நாளும் அப்படித்தான், அது அவளுக்குத் தெரியாது.

முதல்ல நீ பிடிக்க வந்தது எந்த மீனுன்னு உனக்குத் தெரியணும். பட்டணத்து மார்க்கெட்டுல வாளைன்னு விக்கறது கடல் மீனு, வெள்ளி நாடா கணக்கா இருக்கும். அதை நெனச்சு வந்திருந்தா இப்பவே வண்டியைத் திருப்பிக்க. ஆத்து வாளை கெளுத்திச் சாதி. ஒடம்புல செதில் கிடையாது, வாயி கண்ணைத் தாண்டிப் பிளந்திருக்கும், ஒரு மீட்டருக்கு மேலயும் வளரும். மீசை ரெண்டே சோடி: மேல நீளமா ஒண்ணு, தாடையில குட்டையா ஒண்ணு. மாறா, எட்டு மீசையும் தட்டைத் தலையுமா, ஒரு முழத்துக்கு வெகு எச்சா வளந்து, கரையில போட்ட பொறவும் சாகாம நெளிஞ்சுக்கிட்டே கிடந்தா அது ஆப்பிரிக்காக்காரன். வளக்கக் கூடாதுன்னு அரசாங்கம் தடை போட்ட மீனு. எவன் குட்டையில இருந்தோ தப்பிச்சு வந்து நம்மூர் குஞ்சு குளுவானெல்லாம் தின்னு தீக்குது. அதைப் பிடிச்சீன்னா பாவ புண்ணியம் பாத்துத் திரும்ப ஆத்துல விட்டுறாதே.

நீ பாத்த வீடியோவை எம் பேரனும் காட்டினான். ஸ்பெயின் நாட்டுல எப்ரோன்னு ஒரு ஆறு. 1974-ல வெளியில இருந்து கொண்டாந்து விட்ட பெருங்கெளுத்தி இப்ப ஆளைவிட நீளமா வளந்து நிக்குது. அதை அந்த ஊர்க்காரன் வாய்க்குள்ள கைய விட்டு, தாடையைப் பிடிச்சுத் தூக்கிக்கிட்டுச் சிரிக்கறான். அதும் பல்லு உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு இருக்கும், தோல் சிராய்க்கறதோட சரி. நம்ம வாளைக்கு வரிசை வரிசையா ஊசிப்பல்லு. அந்தப் போட்டோவுக்கு நீயும் கைய விட்டீன்னா, அடுத்த போட்டோ ஆஸ்பத்திரியிலதான். செவுள் மூடிக்கு அடியில பிடி. இல்லாட்டி அத்தாங்கை அடியில விட்டுத் தூக்கு.

அந்தப் பல்லுக்காகத்தான் முள்ளுக்கு மேல ஒரு சாண் எஃகுக் கம்பி கட்டச் சொல்றது. நீ வாங்கியாந்த பின்னல் நூல் நல்ல நூலுதான், குறை சொல்லமாட்டேன். ஆனா வாளை பல்லு பட்டா அறுந்துரும், பாறையில ஒரசினாலும் அறுந்துரும். கம்பிக்கும் நூலுக்கும் நடுவுல கொஞ்ச நீளம் தடிச்ச தங்கூஸ் போட்டுக்க. முடிச்சை இறுக்கறதுக்கு முன்னால எச்சில் தொட்டு நனை. காஞ்ச முடிச்சை இழுத்தா சூடேறி, நூலு அங்கியே சத்துக் கெட்டுப் போகும். கடைக்காரன் இதைச் சொல்லியிருக்க மாட்டான். எச்சிலுக்கு அவன் பில்லுப் போட முடியாதே.

முள்ளு நம்பரைப் பாத்தியா? இருபதுன்னா பெருசு, ரெண்டுன்னா சிறுசுன்னு நெனச்சு வாங்கியிருக்கே. அது தலைகீழ் கண்ணு. நம்பர் கூடக் கூட முள்ளு சின்னதாகும். ஒண்ணுக்கு வந்து, பக்கத்துல கோடு போட்டு ஒரு சுன்னம் சேந்துட்டா அப்புறம் நம்பரோட முள்ளும் வளரும். வாளைக்கு நாலு, அஞ்சு பக்கத்துல சுன்னம் போட்டது வேணும். நீ வாங்குன இருபதுல வாளை பல்லுதான் குத்திக்கலாம்.

ஈயக்குண்டு நடுவுல ஓட்டை போட்டதா இருக்கட்டும். நூலு அதுக்குள்ள தாராளமா ஓடணும். இரையைக் கவ்வி நகர்ற மீனு, பின்னால கனம் இழுத்தா சந்தேகப்பட்டுத் துப்பிரும்.

இரைக்கு உசுரோட இருக்கற கெண்டைக்குஞ்சுதான் சாமி. முதுகுத் துடுப்புக்குக் கீழ, நடு எலும்புல படாம, தோலோட கோத்தா ராவெல்லாம் துள்ளிக்கிட்டு இருக்கும். உன் பெட்டியில இருக்கற ரப்பர் மீனையும் வாளை அடிக்கும், பொய் சொல்லக்கூடாது. ஆனா ஆடி மாசத்துக் கலங்கல்ல, அதுவும் ராத்திரியில, அதுக்குக் கண்ணு என்னத்துக்கு ஆகும்? மீசையும் மோப்பமும்தான். கெளுத்திச் சாதிக்கு நாக்கு வாயில மட்டுமில்ல, மீசையில, தோலுலகூட ருசி தெரியும். நீ கையில தேச்சிருக்கற வெயில் கிரீமை அதுக்கு ஊட்டி விடாதே. ஆத்து மண்ணை அள்ளிக் கையத் தேச்சுக் கழுவிட்டு இரையைத் தொடு.

அந்தப் பாட்டுப் பொட்டியையும் காருக்குள்ளயே வை. கெளுத்திக்கு வெளியில காது தெரியாட்டியும், வயித்துல இருக்கற காத்துப் பையில இருந்து உள்காதுக்குச் சின்னச் சின்ன எலும்பாக் கோத்திருக்கு. கரையில நீ பூட்ஸ் காலோட தொம்முனு குதிச்சா அடியில கிடக்கறதுக்குக் கேட்டுரும். பகலெல்லாம் அது கரைப் பொந்துலயும் மடுவுலயும் கிடக்கும், பொழுதோட பொறப்பட்டு ஆழங்குறைஞ்ச பக்கமா இரை தேடி வரும். அதுக்கு நடுவுல நீ செய்ய வேண்டிய வேலை ஒண்ணுமே இல்ல. படிச்ச புள்ளைங்களுக்கு இதுதான் வரமாட்டேங்குது.

இழுத்தா என்ன செய்யறதுங்கறியா? மூக்கு உள்ளால வளைஞ்ச முள்ளா இருந்தா சுண்டி இழுக்காதே. மெதுவா ரீலைச் சுத்து, அதுவா வாய் ஓரத்துல மாட்டிக்கும். பழைய முள்ளுன்னா ஒரே சுண்டு. டிராக்கை நூலோட பலத்துல காவாசிக்கு மேல இறுக்காதே. நான் ரீலைக் காணாத காலத்துல கயித்துத் தூண்டிலைக் கால் கட்டைவிரல்ல கட்டிட்டுத் தூங்கினவன். ஒரு நா ராத்திரி வாளை இழுத்த இழுப்புல நானு ஆத்துல, வேட்டி கரை முள்ளுல. விடியக்காலம் தண்ணிக்கு வந்த பொம்பளைங்க போற வரைக்கும் கழுத்தளவு தண்ணியிலதான் நின்னேன். கட்டைவிரலுக்கு டிராக் கிடையாது பாரு.

வாளைக்குப் பதிலா நாட்டுக் கெளுத்தி மாட்டினா முதுகுல ஒண்ணு, பக்கத்துக்கு ஒண்ணுன்னு மூணு முள்ளை விறைச்சுக்கிட்டு வரும். மடக்கப் பாக்காதே, மடங்காது. குத்திட்டா தாங்கற சூட்டுல வெந்நீர்ல கைய வச்சிரு, கடுப்பு எறங்கும். பொறவு டாக்டருகிட்டப் போ.

ரெண்டு விசயத்துல மட்டும் நான் விளையாட்டுப் பேசமாட்டேன். மேட்டூர் 120 அடி நெறஞ்சு உபரித் தண்ணியத் தொறந்தாங்கன்னா சங்குச் சத்தமோ தண்டோராவோ கேக்கும். கேட்டதும் பெட்டியக் கிட்டியப் பாக்காம மேடேறிரு. இன்னொண்ணு, மழைக்காலத்துல வயிறு தள்ளி வர்றது சினை வாளை, அதை விட்டுரு. உலகக் கணக்குலயே வாளை அழியற அபாயப் பட்டியல்ல ஏறியிருக்குன்னு பேரன் படிச்சுக் காட்டினான். எனக்குப் பட்டியல் வேண்டியதில்ல. தோட்டா போட்டவனும், கரண்டு விட்டவனும், கொசுவலை கணக்கா வலை கட்டினவனும் போன பொறவு என் அத்தாங்குல விழறது என்னன்னு எனக்கே தெரியும்.

பொழுது சாயுது, எந்திரி. மீன்துறை உரிமம், குத்தகைக்காரன் சம்மதம் ரெண்டும் கையில இருக்கட்டும். கீழ்க்கரையில படித்துறை தாண்டி மணல்திட்டு இருக்கு பாரு, வெகு அருமையான எடம், நாற்காலி போட வாகா இருக்கும். அங்க போய் உக்காரு. மேக்கால அந்தப் புளியமரத்து மடுவுப் பக்கம் மட்டும் போயிராதே. அங்க ஒரு மீனும் கிடையாது. தெனம் ராத்திரி அங்கதான் உக்காந்திருக்கேன், எனக்குத் தெரியாதா?