போன் கொடு தம்பி

"போனைக் கொஞ்சம் கொடு தம்பி, என்னுதுல சார்ஜ் இல்ல." சொல்லி முடிப்பதற்குள் அண்ணனின் கை என் சட்டைப்பைக்குள் இருக்கும். அடுத்த நொடி அவசர எண் 112-க்கு அழைப்பு போய்விடும்.

புனே கட்கியில் எங்கள் குடியிருப்பில் எது நடந்தாலும் அவர் வாயில் அது பத்து மடங்காகும். மாடி வீட்டில் புருஷன் பெண்டாட்டி வாக்குவாதமா? "கத்தி எடுத்துட்டான்." கல்யாண வீட்டு டிஜேயா? "கலவரம்." வாசலை மறித்து நிற்கும் காரா? "மூணு நாளா நிக்குது, உள்ள டிக் டிக்னு சத்தம்." நின்று அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது, சத்தம் இண்டிகேட்டருடையது. முப்பது வருடமாகியும் அவருடைய மராத்தி காய்கறி வண்டியைத் தாண்டியதில்லை. "லவ்கர் யா" (சீக்கிரம் வாங்க) மட்டும் சுத்தமாக வரும்.

கேட்டால், "உள்ளதைச் சொன்னா எவன் வர்றான்? ஜவுளிக்கடையில பேரம் பேசறதில்லையா?"

2010 பிப்ரவரி 13 அன்று புனே ஜெர்மன் பேக்கரியில் குண்டாக வெடித்ததும் கேட்பாரற்றுக் கிடந்த ஒரு பைதான். அதற்கப்புறம் இந்த ஊரில் 'அனாதைப் பை' என்றால் போலீஸ் வந்தே தீரவேண்டும். வந்தார்கள். அண்ணன் சொன்ன பையில் எதிர்வீட்டுப் பையனின் கிரிக்கெட் மட்டை.

2023 பிப்ரவரியில் கூகுளின் புனே அலுவலகத்தில் குண்டு என்று போதையில் புரளி கிளப்பியவரை ஹைதராபாத்தில் பிடித்த கதையைச் சொன்னேன்.

"நான் குடிக்கறதில்லையே!"

சட்டத்தைப் படித்துக் காட்டினேன். பாரதிய நியாய சன்ஹிதா 217: அரசு ஊழியரிடம் பொய்த்தகவல் கொடுத்து அலைக்கழித்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய இந்திய தண்டனைச் சட்டம் 182-இல் ஆறு மாதம், ஆயிரம் ரூபாய்.

"எல்லாந்தான் விலை ஏறிப்போச்சு," என்றார்.

ஏறிய விலையைக் கட்டப்போவது யார்? நம்பர் என்னுடையது. போலீஸ் திரும்பக் கூப்பிடும்போது அண்ணன் குறட்டை விடுவார். வேட்டியைப் பிடித்துக்கொண்டு இல்லாத குண்டைத் தேடுவது நான். இதில் எனக்குச் சிரிப்பே வரவில்லை. அன்று போலீஸ் ஜீப் எங்கள் வாசலில் நின்று மட்டையைப் புரட்டிக்கொண்டிருந்த நேரத்தில், தாபோடியில் எவளோ ஒருத்தி நிஜமாகவே அடிவாங்கிக்கொண்டு இருந்திருக்கலாம்.

போன மாதம் ஒரு விடியற்காலை. அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வேர்வை. நானே போனை எடுத்து 108 போடப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

"லேசா வாயு, தம்பி. அவங்களை எதுக்குத் தொந்தரவு பண்ணிக்கிட்டு? ஒரு ஆட்டோ பிடி."