துரு வளர்க்கும் பெருமான்

இரும்பைத் துருவினின்றும் காப்பாற்றப் பாடுபடுகிறவர்கள் உலகத்தில் அநேகர் உண்டு. துருவையே இரும்பில் பயிரிட்டு, வேளை தவறாமல் நீர் காட்டி, பெற்ற பிள்ளையைப்போல் பேணி வளர்க்கிற மகானுபாவர்களோ மிகச் சிலர். புதுக்கோட்டை ராஜ வீதிகளிலோ திருமயத்தை அடுத்த செட்டிநாட்டு ஊர்களிலோ விசாரித்தால் அப்படிப்பட்ட ஒருவரைத் தரிசிக்கலாம். புதுக்கோட்டை சமஸ்தானம் 1948-இல் இந்திய யூனியனில் சேர்ந்துவிட்டது என்பதை அவர் அறிவார். அறிந்தாலும் அதற்குத் தம் சம்மதத்தை இன்னும் அளித்தாரில்லை.

வடநாட்டுப் பட்டறைகளிலிருந்து வரும் அலங்காரத் துப்பாக்கிதான் அவருடைய மூலப்பொருள். குழல் அடைபட்டிருப்பதால் அது சுடாது. சுவரில் தொங்குவதற்கென்றே ஜன்மமெடுத்தது. முதலில் தின்னரைத் தோய்த்துப் பித்தளை மீதுள்ள பளபளப்பை நீக்குவார். காடியில் ஊறவைத்துக் குழலின் கருநீலப் பூச்சைக் கழற்றுவார். பிறகு நவச்சாரக் கரைசலைத் தடவிக் கிணற்றடி ஈரத்தில் தொங்கவிடுவார். செக்கச் செவேலென்று துரு பூத்ததும் வெந்நீரில் கொதிக்க வைப்பார். அந்தச் செம்மை கறுக்கும், தேய்ப்பார், மறுபடி தடவுவார், நிறம் மனத்துக்கு இசையும்வரை இந்தக் கிரமம் ஓயாது. கடைசியில் தேன்மெழுகு. மலிவான துப்பாக்கிகளில் குதிரை மட்டும் துத்தநாகக் கலவை வார்ப்பாயிருக்கும். எத்தனை அபிஷேகம் செய்தாலும் சிவக்காமல் வெளிறிக் கிடக்கும் அதனை அவர் குலத்துரோகியைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்.

அவருடைய வித்தையை லேசாக எண்ணிவிடக்கூடாது. மருந்து வெடித்த கசடு தங்கி ஈரத்தை இழுப்பதால், மெய்யான பழந்துப்பாக்கியில் நெருப்புப் புகும் சிறு துளையைச் சுற்றித்தான் இரும்பு அம்மைத் தழும்பாய்க் குழிந்திருக்கும். கை பற்றும் இடமோ வழவழவென்று தேய்ந்திருக்கும். கற்றுக்குட்டிகள் குழல் முழுவதையும் ஒரே சீராக அரிக்கவிட்டு மாட்டிக்கொள்வார்கள். நம்மவரோ துளையருகே மாத்திரம் துளித்துளியாய் நவச்சாரக் கரைசல் வைத்து, பிடிக்குமிடத்தைத் திண்ணையிலமர்ந்து மாலை நேரமெல்லாம் உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டிருப்பார். பார்க்கிறவர்கள் ஜபம் என்றே நினைப்பார்கள்.

துரு முதிர முதிரச் சரித்திரமும் முதிரும். சித்திரையில் வெறும் துப்பாக்கியாயிருந்தது ஆடியில் சமஸ்தானத்தை ஆண்ட தொண்டைமானின் படைத் துப்பாக்கியாகும். ஆவணி பிறந்ததும் 1799-இல் கட்டபொம்மனைத் தேடிக் காட்டுக்குள் புகுந்த துப்பாக்கியென்று பதவி உயர்வு பெறும். திருக்கோகர்ணத்து அரும்பொருட்காட்சியகத்தில் ஆயுதங்களை நின்று பார்த்துப் பழகிய ஓர் ஆசிரியர் ஒருமுறை, "ஐயா, இது சிக்கிமுக்கிக் கல்லில் வெடிப்பதல்லவே, கேப்பு வைத்துச் சுடுகிற ஜாதி, கட்டபொம்மன் காலத்துக்கு ஒரு தலைமுறை பிந்தியதல்லவா?" என்று பணிவாகவே கேட்டார். பெருமான் சற்றும் அசையவில்லை.

"நம்ம சமஸ்தானம் எதிலேயுமே ஒரு தலைமுறை முன்னாலதாங்க நடந்திச்சு" என்றார்.

இப்படி ஆறு மாத தபசில் விளைந்த ஒரு பொருளை வாங்க வெளியூர்ப் பிரமுகர் ஒருவர் வருவதாயிருந்தது. முதல் நாள் ஆயுத பூஜை. விளக்கையும் செம்பையும் புளி போட்டுத் துலக்கிய கையோடு, வீட்டம்மாள் துப்பாக்கியையும் விட்டுவைக்கவில்லை. புளி, செங்கல் தூள், தேங்காய் நார் மூன்றும் சேர்ந்து ஆடியும் ஆவணியும் ஒரே முற்பகலில் கரைந்து, கிணற்றடி வாய்க்காலில் ஓடிவிட்டன. பெருமான் வந்து பார்க்கும்போது, சந்தனமும் குங்குமமும் துலங்க, முகம் பார்க்கலாம் போன்ற பிரகாசத்துடன் அது அரிவாள்மணைக்குப் பக்கத்தில் வீற்றிருந்தது.

"என்னங்க அப்படிப் பார்க்கிறீங்க? துருப்பிடிச்ச ஆயுதத்தையா சாமிக்கு வைப்பாங்க?" என்றாள் அம்மாள்.

அவர் வாய் திறக்கவில்லை. மறுநாள் பிரமுகர் வந்ததும் துப்பாக்கியைப் பட்டுத் துணியில் ஏந்திவந்து, போர்முனைக்கே போகாமல் அரண்மனை ஆயுதசாலையில் நித்திய பூஜையிலிருந்த ஒரே துப்பாக்கி இதுதான் என்று சொல்லி, விலையில் ஆயிரத்தைந்நூறு கூட்டினார்.