விரிசலும் காலண்டரும்: விளாத்திகுளம் வட்டாரப் படுக்கையறை அலங்காரம் குறித்த ஓர் ஆய்வு

படுக்கையறையில் அமைதி நிலவ வேண்டுமாயின் சுவருக்கு வெளிர்நிறம் பூசுதல், பொருள்களைக் குறைத்தல், கண்ணை உறுத்தும் படங்களைத் தவிர்த்தல் ஆகியவை தேவை என உள்ளலங்கார நூலோர் விதித்திருப்பினும், அவ்விதிகள் யாவும் அசையாத மண்மீது எழுந்த வீடுகளுக்கே பொருந்தும். விளாத்திகுளம் வட்டாரக் கரிசலில் மாண்ட்மோரில்லோனைட் என்னும் களிமண் கனிமம் மிகுதி. நீரை உறிஞ்சிப் பருப்பதும் காய்ந்தால் சுருங்குவதும் அதன் இயல்பாதலால், ஐப்பசி, கார்த்திகை மழைக்கு உப்பிய நிலம் கோடையில் பாளம் பாளமாக வெடிக்க, அதன்மேல் நின்ற சுவரும் கதவு நிலையின் மேல்மூலையிலிருந்து சாய்வாக ஒரு கோடு கிழித்துக்கொள்கிறது. வட்டாரத்து அலங்காரக் கலை பிறந்த இடம் அக்கோடே.

அதை மறைக்கும் முதன்மைப் பொருள் காலண்டர். சிவகாசியில் அச்சாகி, ஜவுளிக்கடை, நகைக்கடை, உரக்கடை வழியே மார்கழியிலேயே இலவசமாக வீடு வந்து சேரும் இதில், மேலே தெய்வப்படமும் கீழே நாளுக்கொன்றாகக் கிழிக்கப்படும் தாள்கட்டும் இருக்கும். ஆண்டு முடிவில் கட்டு தீர்கிறது, படம் தீர்வதில்லை. சாமி படத்தைக் குப்பையில் போடலாகாது என்பது வீட்டு மூத்தோர் கொள்கையாதலால், புதிய முருகன் பழைய மகாலட்சுமியின் மேலேயே, அதே ஆணியில் ஏறுகிறார். இதே மாவட்டத்து ஆதிச்சநல்லூரில் அகழாய்வாளர் மண்ணடுக்கைப் படித்தது போல, இவ்வட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து விரிசலின் வயதைக் கணிக்கலாம். ஆணியை மட்டும் பிடுங்கலாகாது, ஏனெனில் பல வீடுகளில் சுவர்ப்பூச்சு அதை நம்பியே நிற்கிறது. விரிசல் காலண்டரைக் கடந்து வளருமாயின் இரும்பு பீரோ நகர்த்தப்படும்.

வண்ணம் பற்றி மிகுதியாக ஆராய வேண்டியதில்லை. சுண்ணாம்பில் சிறிது நீலம் கலந்து அடிப்பது பழைய வழக்கம். நூலோர் பரிந்துரைக்கும் வெளிர்நிறமும் அதுவே, கட்டணம்தான் வேறு.

பொருள்களைக் குறைக்கும் விதியோ இங்கு அறவே செல்லாது. பறித்துக் காயவைத்த முண்டு மிளகாய் வத்தல், விலை ஏறும்வரை வெளியே கிடக்க இயலாதாகையால், சாக்குகளில் கட்டப்பட்டுக் கட்டிலுக்கு அருகிலேயே அடுக்கப்படுகிறது; அந்நெடியில் அமைதி என்பது இரு தும்மல்களுக்கு இடைப்பட்ட காலம் என்றே வரையறுக்கத்தக்கது. நற்பேறாக, வத்தல் உள்ளே வரும் பருவமும், வெக்கை தாங்காத மனிதர் நார்க்கட்டிலைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கோ மொட்டைமாடிக்கோ வெளியேறும் பருவமும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே கோடை முழுதும் இவ்வறையின் அலங்காரத்தைத் துய்ப்பவை சாக்குகளே. அவை விலைபோய் லாரி ஏறிய பின்னரே குடும்பம் உள்ளே திரும்பி, புது விரிசலுக்கு ஆணி தேடுகிறது.