இடது காலுக்கும் பணி ஓய்வு

நாமக்கல்காரனைக் கூப்பிட்டு, “உங்களுக்கு கியர் போடும் வேலையே இல்லாத கார் தருகிறோம்” என்று சொல்வது, மூன்று தலைமுறையாகப் பந்திக்குச் சமைத்த சமையல்காரரைக் கல்யாணத்துக்கு அழைத்து, “நீங்கள் முதல் பந்தியில் உட்காருங்கள், சாப்பாடு வெளியிலிருந்து வருகிறது” என்று சொல்வதைப் போன்றது. மரியாதைதான். ஆனால் அவருக்கு இலையில் கை ஓடாது.

எங்கள் ஊரில் கோழிகள் முட்டையிடும். மனிதர்கள் லாரிக்கு பாடி கட்டுவார்கள். என் அப்பா சொந்தமாக ஒரு லாரி வைத்து அவரே ஓட்டினார். வண்டி ஓட்டுவது என்றால் அவருக்கு கியர் போடுவதுதான். ஸ்டீரிங் திருப்புவதெல்லாம் சில்லறை வேலை. “கியர் கையில இல்லடா, காதுல இருக்குது. இன்ஜின் என்ன சொல்லுதுன்னு கேளு” என்பார். அவரிடம் இன்னொரு சட்டமும் உண்டு: “மலையில எந்த கியர்ல ஏறினியோ, அதே கியர்லதான் இறங்கோணும்.” கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் இந்தச் சட்டத்தைச் சொல்லிச் சொல்லியே எனக்கு வண்டி பழக்கினார். பிறகு 35 வருடம் வங்கியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டேன் என்றாலும், லாரிக்காரர் மகன் என்ற கர்வம் மட்டும் தேயவில்லை.

நான் பணி ஓய்வு பெற்ற ஆண்டில், எடின்பரோவில் மேற்படிப்பு முடித்த மகளுக்கு ஜூலை மாதம் பட்டமளிப்பு விழா. விழா முடிந்ததும் மகள் வேலை தேடக் கிளம்பிவிட்டாள். நானும் மனைவியும் ஒரு வாரம் ஸ்காட்லாந்து மலைப்பகுதியைச் சுற்றிவரத் திட்டமிட்டோம். நம் ஊர் லைசென்ஸை வைத்தே அங்கே 12 மாதம் வரை கார் ஓட்டலாம். அவர்களும் சாலையின் இடது பக்கம் போகிறவர்கள். ஸ்டீரிங்கும் வலது பக்கம்தான். “கொல்லிமலைக்குக் கொஞ்சம் குளிர் கூடினால் அதுதான் ஸ்காட்லாந்து” என்று மனைவியிடம் சொல்லி வைத்திருந்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. பதில் சொல்லாமல் கணக்கில் எழுதி வைத்துக்கொள்வது அவள் வழக்கம்.

ஐரோப்பாவில் வாடகைக்குக் கார் எடுத்தால் கியர் வண்டிக்குத்தான் வாடகை குறைவு. ஆட்டோமேட்டிக் வேண்டும் என்பவர்கள் முன்கூட்டியே சொல்லி, கூடுதலாகக் கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். நான் பெருமையோடு கியர் வண்டிக்குப் பதிவு செய்திருந்தேன். விமான நிலையத்துக் கவுண்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பரிசுச்சீட்டு விழுந்தவனிடம் பேசுவது போல முகம் மலர்ந்தார். நான் கேட்ட கார் இன்னும் திரும்பி வரவில்லையாம். அதற்குப் பதிலாக, ஒரு பவுண்டுகூட அதிகம் வாங்காமல், ஆட்டோமேட்டிக் கார் தருகிறார்களாம்.

“எனக்கு கியர் வண்டிதான் வேண்டும்” என்றேன்.

அவர் அந்த இடத்தில் அந்த வாக்கியத்தை அதுவரை கேட்டதில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. பதிவுச் சீட்டை என் பக்கம் திருப்பி, பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியைக் காட்டினார்: இந்தக் கார், அல்லது இதைப் போன்றது. நம் ஊர் ஓட்டலில் “மசால் தோசை இல்லீங்க, புரோட்டா சூடா இருக்குது” என்று சொல்வார்களே, அதற்குச் சட்டபூர்வமான வடிவம் இதுதான்.

வண்டியில் கீறல் விழுந்தால் எவ்வளவு நம் தலையில், எவ்வளவு இன்சூரன்ஸ் தலையில் என்று அவர் விளக்கியதைக் கேட்ட என் மனைவி, செல்போனை எடுத்துக்கொண்டு காரைச் சுற்றி வந்து படமெடுத்தாள். பட்டமளிப்பு விழாவில் மகளை எடுத்ததைவிட அதிகமான படங்கள்.

காருக்குள் உட்கார்ந்து கீழே பார்த்தேன். இரண்டே பெடல். கிளட்ச் இருக்க வேண்டிய இடத்தில், கால் வைத்துக்கொள்ள ஒரு சின்ன மேடை. நான் ஓய்வு பெற்றபோது எனக்கும் இப்படித்தான் வராந்தாவில் ஒரு சாய்வு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். எனக்காவது ஒரு சால்வையும் கைக்கடிகாரமும் கிடைத்தன. இடது காலுக்கு அதுகூட இல்லை. முன்னறிவிப்பே இல்லாத பணி ஓய்வு. கை பிரேக்கைத் தேடினேன். அது ஒரு பொத்தானாகச் சுருங்கியிருந்தது. சாவி போடத் துவாரம் தேடினேன். பிரேக்கை மிதித்துக்கொண்டு இன்னொரு பொத்தானை அமுக்க வேண்டுமாம். கியர் கம்பிக்குப் பக்கத்தில் பி, ஆர், என், டி என்று நான்கு எழுத்துகள். நிற்க, பின்னால் போக, சும்மா இருக்க, ஓட. மனித வாழ்க்கையே அவ்வளவுதான் என்றாலும், அதை இப்படி வரிசைப்படுத்திக் காட்டியது எனக்குப் பிடிக்கவில்லை.

டி-யில் போட்டுவிட்டு பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். ஆக்சிலேட்டரைத் தொடவே இல்லை. கார் தானாக ஊர ஆரம்பித்தது. “ஏனுங்க, தானாப் போகுதே!” என்றாள் மனைவி. “அது அப்படித்தான்” என்றேன், ஐம்பது வருடம் ஆட்டோமேட்டிக் ஓட்டியவனைப் போல.

விபரீதம் நியூபிரிட்ஜ் ரவுண்டானாவில் நடந்தது. வேகத்தைக் குறைக்க வேண்டும். நாற்பது வருடப் பழக்கத்தில் இடது கால், யாரையும் கேட்காமல் எழுந்துபோய் கிளட்சை மிதித்தது. அங்கே கிளட்ச் இல்லை. அகலமான பிரேக் பெடலின் இடது ஓரம் இருந்தது. கிளட்சை முழுதாக அழுத்திப் பழகிய காலுக்கு பிரேக்கை மெதுவாகத் தொடத் தெரியாது. கார் ஆணி அடித்தாற்போல் நின்றது. மனைவி மடியில் வைத்திருந்த டப்பாவிலிருந்து முறுக்குகள் கண்ணாடி வரை போய்த் திரும்பி வந்தன. பின்னால் வந்த கார் எப்படியோ நின்றுவிட்டது. அந்த ஓட்டுநர் ஹாரன்கூட அடிக்கவில்லை. அதுதான் எனக்கு அதிக அவமானமாக இருந்தது. நாமக்கல்லாக இருந்தால் இந்நேரம் ஏர்ஹாரனில் என் குலம் கோத்திரம் எல்லாம் வந்திருக்கும், கணக்கு நேராகியிருக்கும்.

ஸ்டிர்லிங் போய்ச் சேர்வதற்குள் இன்னும் மூன்று முறை இப்படி நின்றோம். ஒரு சிக்னலில் வேறு மாதிரி அதிர்ச்சி. பிரேக்கை மிதித்து நின்றதும் இன்ஜின் அடியோடு அடங்கிவிட்டது. “ஆஃப் பண்ணிப்போட்டீங்களா?” என்றாள். ஆட்டோமேட்டிக் வண்டியையும் நடுரோட்டில் நிறுத்திய முதல் மனிதன் நான்தான் என்று நினைத்து வியர்த்தது. பச்சை விழுந்து காலை எடுத்ததும் இன்ஜின் தானே உயிர்பெற்றது. எண்ணெய் மிச்சம் பிடிக்கும் ஏற்பாடாம். இவ்வளவு பொறுப்பான வண்டியில் நான் எதற்கு என்றுதான் தோன்றியது.

காலண்டர் என்ற சிற்றூரில் தேநீருக்கு நிறுத்தியபோது மனைவி தீர்ப்புச் சொன்னாள்.

“இடது கால் ஷூவைக் கழட்டி வெச்சுப்போட்டு ஓட்டுங்க.”

“எதுக்கு?”

“செருப்பைக் கழட்டினா வீட்டுக்குள்ள வந்துட்டோம்னு காலுக்குத் தெரியும். அப்பறம் அதுபாட்டுக்குச் சும்மா கெடக்கும்.”

இதில் இயந்திரவியல் ஏதும் இல்லை. ஆனால் வேலை செய்தது. ஒரு காலில் ஷூவும் மறு காலில் வெறும் சாக்ஸுமாக நான் ரானக் மூரின் சதுப்பு வெளியையும் கிளென்கோ பள்ளத்தாக்கையும் கடந்தேன். இடது கால் எழ நினைக்கும்போதெல்லாம் மேடையின் குளிர் உறைத்து, அப்படியே அடங்கியது. சாலையில் வேக வரம்பு 60 என்று இருந்தது. “அறுபதுதானே, நிதானமாத்தான் போறீங்க” என்று மனைவி பாராட்டினாள். அது மைல் கணக்கு, நம் கணக்கில் கிட்டத்தட்ட 97 கிலோமீட்டர் என்பதை நான் சொல்லவில்லை. வீட்டு நிம்மதிக்குச் சில அலகுகளை மாற்றாமல் விடுவதே நல்லது.

இடது கைதான் அடங்க மறுத்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கியர் கம்பியைப் போய்த் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பும். கடைசியில் மனைவி முறுக்கு டப்பாவை இரண்டு இருக்கைக்கும் நடுவில் வைத்தாள். கை அங்கே போக ஆரம்பித்தது. கியர் மாற்ற வேண்டிய ஒவ்வொரு இடத்திலும் ஒரு முறுக்கு. ஃபோர்ட் வில்லியம் போவதற்குள் டப்பா காலி.

அங்கே ஜூலையில் இரவு பத்து மணிக்குத்தான் சூரியன் மறைகிறது. தூக்கம் வராமல் இந்த வண்டியின் பூர்வீகத்தைப் படித்தேன். புதிய நாகரிகம் என்று நான் நினைத்திருந்த சமாச்சாரம் என்னைவிட மூத்தது. ஹைட்ரமேட்டிக் என்ற முழு ஆட்டோமேட்டிக் கியர் பெட்டியை, ஜெனரல் மோட்டார்ஸ் 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களிலேயே விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க டாங்கிகளிலும் அது ஓடியது. அடிப்படை எளிமையானது. இரண்டு மேசை விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால், அதன் காற்றில் மற்றதும் சுற்றும். காற்றுக்குப் பதில் எண்ணெய். முதல் விசிறி இன்ஜினோடு, இரண்டாவது கியர் பெட்டியோடு. அதனால்தான் கிளட்ச் இல்லாமல் நின்றாலும் இன்ஜின் திணறி அணைவதில்லை, காலை எடுத்தால் வண்டி ஊர்கிறது. டாங்கி ஓட்டிய சிப்பாய்க்கே இடது கால் தேவைப்படவில்லை என்றால், எனக்கு மட்டும் என்ன கர்வம் என்று கொஞ்சம் இளகிப்போனேன்.

ஆப்பிள்கிராஸ் என்ற கடலோர ஊருக்குப் போகும் மலைச்சாலைக்குப் பெயலாக் நா பா என்று பெயர். மாடுகளின் கணவாய் என்று அர்த்தம். கடல் மட்டத்திலிருந்து 626 மீட்டர் வரை ஒரே மூச்சில் ஏறுகிறது. அடிவாரத்திலேயே, புதிதாக ஓட்டப் பழகுகிறவர்கள் இங்கே வர வேண்டாம் என்று பெரிய பலகை வைத்திருக்கிறார்கள். மனைவி அதைப் படித்தாள், என் சாக்ஸைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

ஏறும்போதுதான் ஆட்டோமேட்டிக்கின் அருமை தெரிந்தது. கொண்டை ஊசி வளைவில் நின்று எடுக்கும்போது அரை கிளட்ச் பிடிக்க வேண்டாம், கை பிரேக்கோடு மல்லுக்கட்ட வேண்டாம், கருகல் வாசனை இல்லை. ஒரு கார் மட்டுமே போகக்கூடிய சாலை. எதிரே யாராவது வந்தால் ஒதுங்குவதற்கு ஆங்காங்கே இடம் விட்டிருக்கிறார்கள். எதிரே வந்த ஒருவர் ஹெட்லைட்டை மின்னினார். நம் ஊர் வழக்கப்படி, “நான் வருகிறேன், நீ ஒதுங்கு” என்று புரிந்துகொண்டு நின்றேன். அவரும் நின்றார். மறுபடி மின்னினார். நானும் மின்னினேன். அங்கே அதற்கு “நீங்கள் முதலில் வாருங்கள்” என்று பொருளாம். இரண்டு மரியாதைக்காரர்கள் இப்படி ஒருவரையொருவர் மிரட்டிக்கொண்டிருந்தோம். கடைசியில் நானே பின்னால் எடுத்தேன். மனைவி கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி, “வரலாம்… வரலாம்… லெஃப்ட்ல ஒடி… ஹோல்டேன்!” என்றாள். மாமனார் லாரியைப் பார்த்து இதையெல்லாம் எப்போது கற்றாளோ. ஸ்காட்லாந்து மலையில் அந்தக் குரலைக் கேட்ட ஓர் ஆடு புல் மேய்வதை நிறுத்திப் பார்த்தது.

திரும்பி வரும்போது அதே வளைவுகளில் இறக்கம். இரண்டு வளைவு தாண்டியதும் பிரேக் சூடேறும் வாசனை வந்தது. அப்பாவின் சட்டம் நினைவுக்கு வந்தது: ஏறின கியரிலேயே இறங்கு. ஆனால் எந்த கியரில் ஏறினேன்? அது காருக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். ஒதுங்கும் இடத்தில் நிறுத்தி, தலையில் கைவைத்து உட்கார்ந்தேன்.

“ஏனுங்க, டி-க்குப் பக்கத்துல கூட்டல், கழித்தல்னு போட்டிருக்குதே, அது என்னுங்க?”

மூன்று நாளாக அந்தக் கம்பியைத் தடவிக்கொண்டிருந்தவன் நான். அதைப் பார்த்தவள் அவள். கம்பியைப் பக்கவாட்டில் தள்ளி, கழித்தல் பக்கம் இரண்டு தட்டுத் தட்டினேன். இன்ஜின் உறுமி வண்டியைப் பிடித்து இழுத்தது. பிரேக்கைத் தொடாமலே வேகம் அடங்கியது. அப்பா சொன்ன அதே சத்தம் காதில் கேட்டது. இரண்டாவது கியர். இடது கைக்கு வேலை கிடைத்துவிட்டது. ஓய்வு பெற்றவனை வங்கியிலிருந்து அழைத்து, பழைய பேரேடு ஒன்று புரியவில்லை, வந்து பார்க்க முடியுமா என்று கேட்டால் எப்படி இருக்குமோ அப்படி நிமிர்ந்து உட்கார்ந்து இறங்கினேன்.

ஒரு கீறல் இல்லாமல் காரைத் திருப்பிக் கொடுத்தோம். வண்டி எப்படி இருந்தது என்று கவுண்டர் பெண் கேட்டார். “நன்றாக ஓட்டியது” என்றேன். நான் ஓட்டியதைச் சொன்னதாக அவர் நினைத்திருக்கலாம்.

ஊர் திரும்பிய மறுநாள் என் பழைய காரை எடுத்துக்கொண்டு சேலம் ரோட்டில் போனேன். சிக்னலில் பிரேக்கை மிதித்தேன். இடது கால் அசையவில்லை. சுகமாக ஓரத்தில் கிடந்தது. கார் இரண்டு குலுக்குக் குலுக்கி அணைந்தது. பின்னால் லாரி. ஏர்ஹாரன், குலம், கோத்திரம் எல்லாம் பாக்கி இல்லாமல் வந்து சேர்ந்தன.

ஆகவே, வெளிநாட்டில் ஆட்டோமேட்டிக் கார் எடுக்கப்போகும் கியர் வண்டிக்காரர்களுக்குச் சொல்லிக்கொள்வது இவ்வளவுதான். கிளம்புமுன் கூட்டல், கழித்தல் எங்கே இருக்கிறது என்று கேட்டு வையுங்கள். இடது கால் ஷூவைக் கழற்றி வையுங்கள். ஊர் திரும்பியதும் மறக்காமல் மாட்டிக்கொள்ளுங்கள்.