பழைய டிராக்டரும் புதிய பைத்தியமும்

கேள்வி: அமெரிக்கர்கள் அறுபது வருடப் பழைய தோட்ட டிராக்டரைத் தேடி வாங்கிப் பழுது பார்ப்பது பைத்தியக்காரத்தனம் இல்லையா?

பதில்: 1961-இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் கொண்டுவந்த கப் கேடட் என்ற தோட்ட டிராக்டரைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மாட்டீர்கள். 7 குதிரைத்திறன் கோலர் இன்ஜின். சிலிண்டர் பிளாக் வார்ப்பிரும்பு. தேய்ந்தால் பட்டறையில் சிலிண்டரைச் சற்று அகலமாகக் கடைந்து (போரிங்), அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டால் மறுபடி ஓடும். கியர்பாக்ஸோ, ஃபார்மால் கப் என்ற வயல் டிராக்டரின் வாரிசு. புல்வெளிக்கு அது யானைபலம்! பழுது பார்க்கத் தோதாகவே செய்த பொருளைப் பழுது பார்ப்பதில் பைத்தியம் எங்கே வந்தது? டயர், பெயின்ட் செலவு வாங்கிய விலையைத் தாண்டிவிடும் என்பார்கள். தாண்டட்டுமே, வீணை கற்பவரிடம் யாரும் லாபக் கணக்கு கேட்பதில்லை. பழைய இன்ஜின் புகை கக்கும் என்ற ஆட்சேபம் நியாயம்தான். ஆனால் எப்போதாவது ஓடும் வண்டி விடும் புகை கொஞ்சம். இதேபோல் உங்கள் வீட்டில் பழைய பம்ப்செட் கிடந்தால், காயலான் கடைக்குப் போடுமுன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.