அவுட்லுக் போட்டுத் தருபவர்

பவானியில் ஜமக்காளமும் படுக்கை விரிப்பும் ஏற்றுமதி செய்யும் அலுவலகங்களில் புதிதாகச் சேர்ந்தவருக்கு மேசையும் நாற்காலியும் அன்றைக்கே கிடைத்துவிடும். மெயில் மட்டும் ஈரோட்டிலிருந்து கம்ப்யூட்டர்காரர் எழுந்தருளும் வரை காத்திருக்கும். வந்தவர், "கொஞ்சம் எந்திரிங்க அம்மிணி, அவுட்லுக் போட்டுர்லாம்" என்று நாற்காலியைக் கைப்பற்றி, வரும் மெயிலுக்கு ஐமேப், எண் 993, போகும் மெயிலுக்கு எஸ்எம்டிபி, எண் 587 என ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டுவார். 'நெக்ஸ்ட்' அழுத்தும்போதெல்லாம் குரல் ஒரு படி ஏறும், 'ஃபினிஷ்' வந்ததும் டீ வந்தாக வேண்டும். பிறகு அடுத்த மேசைக்காரரை எழுப்பப் போவார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த மேசைகளில் இருப்பவை பெயருக்குத்தான் கணினிகள். அங்கே ஓடுவது, பலரும் ஒரே சர்வருக்குள் தனித்தனியாக நுழைந்து வேலை செய்யும் ரிமோட் டெஸ்க்டாப் முறை; அது 1998இல் விண்டோஸ் என்டி 4.0 டெர்மினல் சர்வர் பதிப்பாக வந்த பழைய ஏற்பாடு. ஒருவருடைய மெயில் கணக்கு விவரங்களின் தொகுப்பான 'புரொஃபைல்' அவருடைய ரெஜிஸ்ட்ரியில், அதாவது அமைப்புகள் பதியும் கிடங்கில், அந்தச் சர்வரிலேயே பதிகிறது. எனவே மேசை மேசையாக நடப்பவர், உள்ளறையில் இருக்கும் ஒரே பெட்டியைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறார்.

நடக்காமல் முடிக்க வழி இல்லாமல் இல்லை. பிஆர்எஃப் என்னும் சாதாரண உரைக்கோப்பில் சர்வர் பெயரையும் எண்களையும் ஒருமுறை எழுதி, ஆள் பெயர் வரும் இடத்தில் 'யூசர்நேம்' என்னும் மாறியை வைத்து, பயனர் நுழையும்போது தானாக ஓடும் லாகான் ஸ்கிரிப்ட் வழியே அவுட்லுக்கை அதைப் படிக்கச் செய்தால் போதும். எக்ஸ்சேஞ்ச் என்னும் மெயில் சர்வர் உள்ள இடத்தில் 'ஜீரோகான்ஃபிக்எக்ஸ்சேஞ்ச்' என்னும் அமைப்பை 1 என்று வைத்தால், பயனரின் முகவரியை அலுவலகப் பயனர் பட்டியலான ஆக்டிவ் டைரக்டரியிலிருந்து எடுத்துக்கொண்டு அவுட்லுக்கே புரொஃபைலை உருவாக்கிவிடும். தறியில் ஒரு பாவை ஏற்றிப் பல ஜமக்காளம் எடுக்கும் ஊரில் இந்தக் கணக்கு புரியாதவர் இருக்க முடியாது. ஆனால் கம்ப்யூட்டர்காரரின் பதில் ஒன்றுதான்: "அதெல்லாம் நிக்காதுங்க, கையில போட்டாத்தான் நிக்கும்."

இரவு பத்து மணிக்கு மெயில் படுத்துவிட்டால் போனை எடுக்கிற ஒரே மனிதர் அவர்தான் என்பதும், ஆடிப்பெருக்கன்று கூடுதுறைக் கூட்டத்தில் நின்றுகொண்டே ஆலோசனை சொல்பவர் என்பதும் உண்மையே. இருந்தாலும், "பாஸ்வேர்டு சொல்லுங்க, சத்தமாச் சொல்லுங்க" என்று ஊரறியக் கேட்டு, முதலாளி முதல் கணக்குப்பிள்ளை வரை எல்லாருடையதையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருக்கிறாரே, அதைப் பொறுக்க முடியாது. பிஆர்எஃப் கோப்பில் கடவுச்சொல் எழுத இடமே கிடையாது. உரியவர் தம் கையால் தட்ட வேண்டியது அது ஒன்றுதான். அவர் மற்றவர்களை எழுப்பிவிட்டுத் தட்டுவதும் அதைத்தான். ஸ்கிரிப்ட்டை ஆற அமர எழுதிக்கொள்ளட்டும். அந்த நோட்டை இன்றைக்கே கிழிக்க வேண்டும்.