கொஞ்சம் லைட் பிடிங்க

கண்ணுக்குள் இன்னும் அந்த வெளிச்சம் இருக்கிறது. மூடினால் பச்சையாக ஒரு வட்டம், திறந்தால் ஊதாவாக இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை காலையில், எங்கள் அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில், சொந்தக் காரின் பானட்டைச் சொந்தக் கையால் திறந்த குற்றத்துக்குக் கிடைத்த தண்டனை. “சார், நான் லைட் அடிக்கிறேன்” என்று ஒருவர் வந்தார். யார் என்று சொல்லப்போவதில்லை. எல்லா அபார்ட்மென்ட்டிலும் அவர் இருக்கிறார். பல நாள் அவர் நீங்கள்தான்.

நான் செய்யப் போனது பெரிய காரியமில்லை. த்ராட்டில் பாடியைத் துடைக்கப் போனேன். சிக்னலில் நிற்கும்போது ஏ.சி. கம்ப்ரஸர் விழுந்ததும் வண்டி ஒரு தடவை உதறும், ஆர்.பி.எம். முள் 500-க்குக் கீழே இறங்கும், அடுத்தது ஆஃப். சென்னை மத்திய கைலாஷ் சிக்னலில் பச்சை விழுந்து அரை நொடி ஆவதற்குள் பின்னாலிருந்து வரும் ஹாரனைக் கேட்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

சர்வீஸுக்கு விடலாமே என்பீர்கள். விடாமல் இல்லை. ஒவ்வொரு தடவையும் பில்லில் ‘த்ராட்டில் பாடி க்ளீனிங்’ என்று ஒரு வரி, ஏ.சி. கிருமிநாசினிக்கும் வீல் பேலன்ஸிங்குக்கும் நடுவே பவ்யமாக உட்கார்ந்திருக்கும். கேட்டால், டை கட்டிய தம்பி ஒருவர் தணிந்த குரலில், “பண்ணாம விட்டா பிக்கப் போயிடும் சார்” என்பார். வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால், ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து வரும் குழாயின் கிளிப் மேல் போன சித்திரையில் படிந்த தூசி கலையாமல் இருக்கிறது. அந்தக் கிளிப்பைத் தளர்த்தாமல் உள்ளே இருப்பதைத் துடைக்கச் சித்தர்களால்தான் முடியும். சித்தர்கள் ஜி.எஸ்.டி. போட மாட்டார்கள்.

ஆகவே நானே செய்துவிடுவது என்று முடிவெடுத்தேன். நீங்களும் செய்யலாம். அதற்கு எந்த ஸ்ப்ரே வாங்க வேண்டும், எதை வாங்கவே கூடாது என்பதைச் சொல்வதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். சொல்லிவிடுகிறேன். அதற்கு முன் இந்த லைட் விவகாரம்.

டார்ச் பிடிப்பதில் ஓர் அடிப்படை விதி உண்டு. வேலை எங்கே நடக்கிறதோ அங்கே வெளிச்சம் போகாது. பிடிப்பவருக்கு எதைப் பார்க்க ஆசையோ அங்கே போகும். நான் கிளிப்பைத் தேடுகிறேன். வெளிச்சம் பேட்டரி மேல் இருக்கிறது. “பேட்டரி எந்த வருஷம் சார்?” சொன்னேன். வெளிச்சம் கூலன்ட் பாட்டிலுக்குப் போயிற்று. “கொஞ்சம் கம்மியா இருக்கே?” இல்லை, மினிமத்துக்கு மேலேதான் இருக்கிறது என்றேன். வெளிச்சம் அங்கேயே நின்றது, அவர் நம்பவில்லை. நான் இருட்டில் தடவித் தடவி ஸ்க்ரூடிரைவரைக் கிளிப்பின் காடியில் வைக்கிறேன். வெளிச்சம் ஃபியூஸ் பாக்ஸின் மூடியில் எழுதியிருப்பதை முதல் வரியிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறது.

“சார், இந்தப் பக்கம் கொஞ்சம்” என்று சொன்னேன். அது தப்பு. ஏனென்றால் பேசினால் அவர் பதில் சொல்வார். பதில் சொல்லும்போது முகத்தைப் பார்த்துப் பேசுவார். நல்ல குடும்பத்தில் வளர்ந்தவர். முகம் திரும்பும்போது கையும் திரும்பும். முழு வெளிச்சமும் என் விழியில் விழுந்தது. “எங்கே சார், இங்கேயா?” என்று என் மூக்கிடம் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினால் அவரும் ஆட்டுவார், அவரோடு சேர்ந்து லைட்டும் ஆடும். சந்தேகம் வந்தால் தலையைச் சாய்ப்பார். பேஸ்மென்ட் முழுக்க ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும்.

பிறகு, இன்னும் நன்றாக உதவ வேண்டும் என்று நினைத்துக் குனிந்தார். இப்போது பானட்டுக்குள் அவருடைய தலையும் லைட்டும் இருக்கின்றன, நான் வெளியே இருக்கிறேன். “இதுவா கழட்டணும்?” என்று விரல் நீட்டுகிறார். விரலின் நிழல் கிளிப்பின் மேல் விழுகிறது. அது எதுவென்று எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. ஆனால் அவர் மட்டும் “அதான், அதான்” என்கிறார்.

போன் வந்தது. டார்ச் எரிகிற அதே போன். எடுத்துக் காதில் வைத்தார். அடுத்த சில நிமிடங்கள் தூணில் ஒட்டியிருந்த பராமரிப்புக் கட்டண பாக்கிப் பட்டியலுக்கு நல்ல வெளிச்சம் கிடைத்தது. என் பெயர் அதில் இல்லை என்று அவருக்கு அப்போது தெரிந்திருக்கும். எனக்கு, இரண்டாம் மாடியில் யார் யார் பாக்கி என்று தெரிந்தது.

இதற்கெல்லாம் காரணம் நம் அப்பாக்கள்தான் என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு. கரண்ட் போன ராத்திரிகளில் ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கி, பல்லில் கம்பியைக் கடித்துக்கொண்டு, “எங்கடா காட்டுறே? இங்க காட்டுடா! மூஞ்சில அடிக்காதே!” என்று கத்தினார்களே, அப்போது எவரெடி டார்ச்சோடு நின்று அழுதது இதே தலைமுறைதான். இத்தனை வருஷம் கழித்துப் பழிவாங்குகிறது. ஆனாலும் எவரெடி நியாயமான டார்ச். வட்டமாக ஒரே இடத்தில் விழும். கழுத்தைத் திருகினால் குவியும். போன் டார்ச்சுக்குக் குவியல் கிடையாது. பிடிக்கிறவர் உள்ளங்கை, என் காது, மேலே ஓடும் கழிவுநீர்க் குழாய் என்று சமதர்மமாகப் பரப்பும். போதாக்குறைக்கு விளக்கு முதுகுப் பக்கம், திரை அவர் பக்கம். குரூப்பில் ரோஜாப்பூவோடு காலை வணக்கம் வந்தால் படிக்காமல் இருக்க முடியுமா? படித்தார். பதில் வணக்கமும் போட்டார். லைட் அந்நேரம் என் செருப்பில் இருந்தது.

கிளிப் எப்படியோ கழன்றது. குழாயை இழுத்ததும் உள்ளே, இன்ஜினுக்குப் போகிற காற்றைத் திறந்து மூடுகிற அந்த வட்டத் தகடு தெரிந்தது. அடுப்பங்கரை எக்ஸாஸ்ட் ஃபேனில் படியும் பிசுக்கை நினைத்துக்கொள்ளுங்கள், அதேதான். பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கசிகிற வாயுவை வெளியே விடாமல் இன்ஜினே திரும்ப உறிஞ்சிக்கொள்ள ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். ஊர்க் காற்றுக்கு நல்லது. ஆனால் அதோடு வருகிற எண்ணெய் ஆவி நாளாவட்டத்தில் தகட்டின் விளிம்பில் கறுப்பாக அப்பிக்கொள்கிறது. வண்டி சும்மா நிற்கும்போது தகடு கிட்டத்தட்ட மூடித்தான் இருக்கும். விளிம்பில் இருக்கிற மயிரிழை இடுக்கு வழியாகப் போகிற காற்றில்தான் இன்ஜின் பிழைக்கிறது. அந்த இடுக்கு அடைத்தால் சிக்னலில் மூச்சு நிற்கிறது. அவ்வளவுதான் வியாதி.

இதைப் பார்த்ததும், வெளியே போகக் கிளம்பிய இன்னொருவர் தன் ஸ்கூட்டரை ஸ்டாண்ட் போட்டார். “என்னண்ணே, நானும் லைட் பிடிக்கவா?” பதிலுக்குக் காத்திராமல் பிடித்தார். இப்போது ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு நிழல். நான் நிஜமான ஸ்க்ரூடிரைவரைத் தவிர மற்ற எல்லா ஸ்க்ரூடிரைவரையும் எடுக்கப் பார்த்தேன்.

“எல்லாம் எத்தனால் சார். இருபது பர்சென்ட் கலந்தா இப்படித்தான்” என்றார் ஸ்கூட்டர்காரர். எத்தனால் மேல் எனக்கும் கோபம் உண்டு. ஆனால் இந்தக் கறைக்கு அது பொறுப்பில்லை. இன்றைய வண்டிகளில் பெட்ரோல் இந்தத் தகட்டின் பக்கமே வராது. தாண்டிய பிறகுதான் பீய்ச்சுகிறார்கள். தகட்டைக் கடப்பது காற்றும் அந்த எண்ணெய் ஆவியும்தான். டேங்க்கில் ஊற்றினால் த்ராட்டில் சுத்தமாகிவிடும் என்று பங்க்கில் விற்கும் குப்பியும் ஆகவே இதைத் தொடாது. இதைச் சொன்னேன். இரண்டு லைட்டும் என் முகத்துக்கு வந்தன. மரியாதையாகக் கேட்டார்கள். கேட்டுவிட்டு, “இருந்தாலும் எத்தனால்தான் சார்” என்றார்.

வாக்கிங் முடித்து வந்த பெரியவர் ஒருவர், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, “எங்க ஸ்டாண்டர்ட் ஹெரால்டுல முன்பக்கத்தையே அப்படியே தூக்கிடலாம் தம்பி. டயர் மேல உக்காந்து வேலை பாக்கலாம். லைட்டே வேணாம்” என்றார். 1960-களில் சென்னையிலேயே செய்த வண்டி அது. அன்று பேஸ்மென்ட்டில் பேசப்பட்ட ஒரே உருப்படியான வார்த்தை இதுதான். அவர் கையில் போனும் இல்லை. அவர் போன பிறகு எனக்குக் கொஞ்சம் வெறுமையாக இருந்தது.

ஸ்ப்ரே பற்றிச் சொல்ல வந்தேன். கார்புரேட்டர் க்ளீனரும் த்ராட்டில் பாடி க்ளீனரும் ஒன்று என்று கடையில் சொல்வார்கள். ஒன்றல்ல. சில வண்டிகளில் தகடு உட்கார்ந்திருக்கும் துளையின் உள்சுவரில் மெல்லிய பூச்சு ஒன்று இருக்கும். காட்டமான திரவம் பட்டால் அது போய்விடும். எதுவானாலும் நேராக உள்ளே பீய்ச்சாமல் துணியில் அடித்துத்தான் துடைக்க வேண்டும், ஏனென்றால் பக்கத்திலேயே மோட்டாரும் சென்ஸாரும் இருக்கின்றன. ஆகவே டின்னில் முதலில் பார்க்க வேண்டியது…

“சார், நான் சாவியைப் போட்டு ஆக்சிலேட்டரை மிதிக்கட்டுமா? நல்லாத் தொறந்துக்கும்!”

முதல் லைட்காரர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். எப்போது போனார் என்றே தெரியாது. என் விரல் தகட்டுக்கும் சுவருக்கும் நடுவே இருந்தது. இந்தத் தகட்டை இப்போது கேபிள் இழுப்பதில்லை, மோட்டார் திறக்கிறது. சாவி போட்டிருக்கும்போது விரல் வைத்தால் விரலுக்கும் ஆபத்து, உள்ளே இருக்கிற பல் சக்கரத்துக்கும் ஆபத்து. நான் போட்ட சத்தத்தில் வாட்ச்மேன் ஓடி வந்தார். வந்தவர் சும்மா வரவில்லை. அவருடைய டார்ச்சையும் எடுத்துக்கொண்டு வந்தார்.

இதற்குள் ஸ்கூட்டர்காரர், “ஒரு நிமிஷம் அண்ணே, மச்சான் குவைத்துல ஒர்க் ஷாப் வெச்சிருக்காப்ல, கேட்டுடலாம்” என்று போட்டோ எடுக்கத் தொடங்கினார். கேமராவைத் திறந்தால் டார்ச் அணைந்துவிடும் என்பது அவருக்கு ஒவ்வொரு தடவையும் புதுச் செய்தியாக இருந்தது. குவைத்திலிருந்து குரல் செய்தி வந்தது. மூன்று பேரும் கூடிக் கேட்டார்கள். “மாத்திடச் சொல்லுங்க மச்சான்.” பார்க்காத வண்டிக்கு, பாதி இருட்டில் எடுத்த படத்தை வைத்து, ஒரே வாக்கியத்தில் தீர்ப்பு. புதுசு விலை எத்தனை ஆயிரம் என்று மச்சானுக்குத் தெரியும். கொடுக்கப் போவது அவர் இல்லை என்பதும் தெரியும்.

துடைத்தேன். பனியன் வேஸ்ட் கறுத்தது, தகடு வெளுத்தது. குழாயை மாட்டிக் கிளிப்பை இறுக்கி ஸ்டார்ட் செய்தால், ஐடிலிங் 1,500-இல் நின்று கத்தியது. எதிர்பார்த்ததுதான். இத்தனை நாள் அழுக்குக்குத் தகுந்தபடி தகட்டைக் கூடுதலாகத் திறந்து பழகிய கம்ப்யூட்டருக்கு, அழுக்கு போன செய்தி இன்னும் எட்டவில்லை. சில வண்டிகளில் ஓட ஓடத் தானாகக் கற்றுக்கொள்ளும். சிலவற்றில் ஸ்கேனர் போட்டுச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பி0507 என்று ஒரு எர்ரர் கோட் வந்து டாஷ்போர்டில் விளக்கு எரிந்தாலும் அர்த்தம் அதேதான்: ஐடிலிங் அதிகம். கார்புரேட்டர் காலத்தில், 1983-இல் வந்த மாருதி 800-இல், ஸ்லோ ஸ்க்ரூவைக் கால் சுற்றுத் திருப்பினால் விஷயம் முடிந்தது. இப்போது பொறுமை வேண்டும். ஆனால் பொறுமை பற்றி அந்த மூன்று லைட்டுக்கும் நான் சொல்வதற்குள், “நல்லா ஓடிட்டிருந்த வண்டி சார்” என்றார் முதல் லைட்காரர், துக்கத்தோடு. சிக்னலில் செத்துச் செத்துப் பிழைத்ததை நல்லா ஓடியது என்கிறார்.

மறுநாள் அலுவலகம் போய் வருவதற்குள் ஐடிலிங் படிந்துவிட்டது. ஏ.சி. விழுந்தால் வண்டி உதறுவதில்லை. மைலேஜ் முன்பு என்னவோ அதுதான். கூடிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாலையில் லிஃப்ட்டில் முதல் லைட்காரரைப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த நான்காம் மாடிக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “ஞாயித்துக்கிழமை பூரா நாங்கதான் சார் இன்ஜினைப் பிரிச்சு க்ளீன் பண்ணினோம். உங்க வண்டியையும் கொண்டாங்க.” நான்காம் மாடிக்காரர் என்னைப் பார்த்தார். நான் மாடி எண்களைப் பார்த்தேன்.

நேற்று ஜி.பி. ரோட்டுக்குப் போய், சுரங்கத் தொழிலாளிகள் நெற்றியில் கட்டுகிற மாதிரி லைட் ஒன்று வாங்கிவந்தேன். தலை எங்கே திரும்புகிறதோ வெளிச்சம் அங்கே போகும். நடுவில் ஆள் கிடையாது. கட்டிப் பார்க்கலாம் என்று பேஸ்மென்ட்டுக்கு இறங்கி, பானட்டைத் திறந்துகொண்டிருந்தேன். பின்னாலிருந்து குரல் வந்தது. “அட, சூப்பரா இருக்கே! குடுங்க சார், நான் கட்டிக்கிறேன். நீங்க வேலையைப் பாருங்க.”

வாங்குவதானால் இரண்டாக வாங்குங்கள்.